கையால் மையிடுவதா, திரையில் மையிடுவதா? அல்சூர் கோட்டோவியப் புத்தகம் குறித்து ஒரு விவாதம்

ஏரிக்கரை:

அல்சூர், சிவாஜிநகர், மர்பி டவுன் தெருக்களை வரைந்து ஒரு சிறு புத்தகம் கொண்டுவருகிறோம் என்பது பெங்களூரு நண்பர்கள் பலருக்கும் தெரியும். ஏ5 அளவு, கறுப்பு மட்டும், ஆஃப்செட் அச்சு. ஞாயிற்றுக்கிழமை கூடியபோது நிப்முனை ஐயா ஒரு கோரிக்கை வைத்தார்: எல்லாப் பக்கங்களும் தாளில் கையால் மையிட்டவையாக (பென்சில் வரைவின்மேல் இறுதிக் கோட்டை மையில் போட்டவையாக) இருக்க வேண்டும், டேப்லெட்டில் மையிட்டவற்றை ஏற்கக் கூடாது. திரைக்கோடு அதை அங்கேயே கடுமையாக மறுத்தார். பேசி முடிக்க நேரமில்லை. இருவரும் காரணங்களை எழுதி வைத்தால் மற்றவர்களும் யோசித்துச் சொல்லலாம். பென்சில் கட்டத்தை யார் எதில் செய்தாலும் பிரச்சினையில்லை. கேள்வி இறுதிக் கோட்டைப் பற்றியது.

நிப்முனை:

பழைய பொருள்கள் மீதுள்ள பாசத்தால் இதைக் கேட்கவில்லை. மையில் தோய்த்து வரையும் எஃகு நிப் வேலை செய்யும் விதம்தான் என் காரணம்.

நிப்பின் முனை நடுவில் பிளந்திருக்கிறது. அழுத்தினால் இரண்டு பாதிகளும் விலகுகின்றன, கோடு தடிக்கிறது. கையை நம் பக்கம் இழுக்கும்போதுதான் இது நடக்கும். எதிர்ப்பக்கம் தள்ளினால் முனை தாளைக் குத்தும், நார் மாட்டிக்கொள்ளும், மை தெறிக்கும். ஆகவே நிப் பிடித்தவர் ஒவ்வொரு வளைவுக்கும் தாளைத் திருப்பியே ஆக வேண்டும். கோடு தொடங்கும் முன்பே அது எங்கே தடிக்கும், எங்கே மெலியும் என்று முடிவு செய்தாக வேண்டும். அல்சூர் சோமேசுவரர் கோயில் தூண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வளைவில் ஹேட்சிங் (நிழலுக்கான நெருக்கமான இணைகோடுகள்) போடும்போது நிழல் பக்கத்தில் அழுத்தித் தொடங்கி, வெளிச்சத்தின் பக்கம் கையைத் தூக்கிக்கொண்டே வந்தால், ஒவ்வொரு கோடும் தானாகவே தடித்துத் தொடங்கி மயிரிழையாக முடிகிறது. ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை அந்தக் கோடுகளே சொல்லிவிடும்.

டேப்லெட் பேனா எந்தத் திசையில் போனாலும் தடிக்கும். பெட்டியின் மேல் 8192 அழுத்த நிலைகள் என்று அச்சிடுகிறார்கள். எவ்வளவு அழுத்தினோம் என்பது அந்த எண்ணில் இருக்கிறது. எந்தத் திசையில் அழுத்தினோம் என்பது இல்லை.

ஓவியர் சில்பி ஆனந்த விகடனுக்காக வரைந்த கோயில் சிற்பங்களை நினைத்துப் பாருங்கள். சிலைக்கு எதிரில் நேரில் உட்கார்ந்து வரைந்தவர் அவர். கல்லின் வழுவழுப்பையும் சொரசொரப்பையும் கோட்டின் அடர்த்தியை மாற்றி மாற்றியே கொண்டுவந்தார். நாம் வரையப்போவதும் கோயிலும் பழைய வீடுகளும்தான். கல்லையும் கூரை ஓடுகளையும் காரை பெயர்ந்த சுவரையும் வரையத் தடங்கல் உள்ள கருவி வேண்டும். கண்ணாடித் திரையில் தடங்கலே கிடையாது.

கருவிக்குப் பெரிய செலவும் இல்லை. ஒரு ஜி நிப், நுண்கோடுகளுக்கு ஒரு க்ரோகுவில் நிப், ஒரு பாட்டில் நீர்புகா டிராயிங் இங்க், ஐவரி தாள் (வழுவழுப்பான தடித்த தாள்). புது நிப்பின் மேல் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். துடைக்காமல் தொட்டால் மை நிப்பில் நிற்காமல் முத்து முத்தாக உருளும். அதைப் பார்த்து நிப் சரியில்லை என்று தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

திரைக்கோடு:

ஐயா, நிப்பைப் பற்றி நீங்கள் எழுதியது ஒவ்வொன்றும் சரி. அதிலிருந்து நீங்கள் போகும் முடிவு சரியில்லை.

திசையிலிருந்தே தொடங்குகிறேன். கிரீட்டா என்ற மென்பொருள் இலவசம், திறந்த மூலம். அதில் தூரிகையின் பருமனைப் பேனாவின் அழுத்தத்தோடு மட்டுமல்ல, கோடு போகும் திசையோடும் வேகத்தோடும் பேனாவின் சாய்வோடும் பிணைக்கலாம். கீழ்நோக்கி இழுத்தால் தடி, மேல்நோக்கித் தள்ளினால் மெலிவு என்று ஒரு தூரிகையை நாமே அமைத்துக்கொள்ளலாம். பலர் அமைப்பதில்லை என்பது உண்மை. அதற்காகக் கருவியால் முடியாது என்று சொல்வது நியாயமில்லை.

அடுத்து சில்பி. அவரையும் விகடன் ஓவியர் கோபுலுவையும் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் காலத்துப் பத்திரிகை ஓவியம் கோடாகவே வளர்ந்ததில் அச்சு முறைக்கும் பங்கு உண்டு. லைன் பிளாக் என்பது துத்தநாகத் தகட்டை அமிலத்தில் அரித்து எடுப்பது. அதில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவில் சாம்பல் கிடையாது. சாம்பல் வேண்டுமென்றால் அதைச் சிறு புள்ளிகளாகப் பிரிக்கும் ஹாஃப்டோன் பிளாக் செய்ய வேண்டும். மலிவான தாளில் அதன் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும். ஆகவே நிழலையும் கோட்டிலேயே சொல்லும் கலையை அவர்கள் வளர்த்தெடுத்தார்கள். தங்கள் காலத்து அச்சு எதைத் தாங்குமோ அதை அறிந்து வரைந்தவர்கள் அவர்கள். அதே நேர்மையோடு நம் காலத்து அச்சை அறிந்து வரைவோம் என்றுதான் நானும் சொல்கிறேன்.

தடங்கல் வேண்டும் என்கிறீர்கள். திரைமேல் ஒட்டும் சொரசொரப்பான படலம் கடைகளில் கிடைக்கிறது. பேனாவின் முனை சீக்கிரம் தேயும், உண்மைதான். ஆனால் தடங்கல் கிடைக்கிறது.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிப்புக்கு ஆகும் செலவு குறைவு என்பதை ஏற்கிறேன். தூரிகையால் மையிடுவோருக்கு அப்படியில்லை. வின்சர் அண்டு நியூட்டன் சீரிஸ் 7 போன்ற கோலின்ஸ்கி சேபிள் என்ற விலங்கு முடித் தூரிகையின் விலை மாணவருக்கு எட்டாது. எட்டும் விலையில் சில இடங்களில் கிடைக்கும் இயற்கை முடித் தூரிகைகளில் கீரி முடியும் கலந்திருக்கலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி முடியை விற்பதும் வாங்குவதும் குற்றம். கையால்தான் மையிட வேண்டும் என்று விதி போட்டால் எந்தத் தூரிகையை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதையும் நாமே சொல்ல வேண்டியிருக்கும்.

சோமேசுவரர் வீதி:

தூரிகைக்கு மட்டும் ஒரு தகவல். இப்போது வரும் செயற்கை இழைத் தூரிகைகள் மை வேலைக்குப் போதுமானவை. பென்டெல் பாக்கெட் பிரஷ் பேனாவும் செயற்கை இழைதான், நல்ல கறுப்பு, தெருவில் நின்று வரைய வசதி. எதை வாங்கினாலும் மை இழைகளின் அடிப்பகுதியிலுள்ள உலோகப் பூண்வரை ஏறவிடாதீர்கள். அங்கே காய்ந்தால் முனை இரண்டாகப் பிரிந்துவிடும், பிறகு கூராகாது.

நிப்முனை:

கீரி முடி பற்றித் தம்பி சொன்னது முக்கியமானது. அதைப் புத்தகக் குழு எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும். அது கை மைக்கு எதிரான வாதம் ஆகாது. நான் கேட்பது நிப்புதான்.

திசையைப் பிணைத்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். சரி. ஆனால் நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. கடந்த முறை நமக்கு வந்த மாதிரிப் பக்கங்களில் திரையில் மையிட்டவை எல்லாவற்றிலும் ஒரே குறையைப் பார்த்தேன். ரஸ்ஸல் மார்க்கெட் முகப்பை வரைந்த பக்கத்தில் ஒவ்வொரு செங்கல்லும் இருக்கிறது, ஒவ்வொரு செங்கல்லிலும் விரிசல் இருக்கிறது. முன்னால் நிற்கும் பூக்காரியின் புடவை மடிப்புக்கும் பின்னாலுள்ள கோபுரத்தின் ஓரத்துக்கும் ஒரே பருமன் கோடு. எது அருகில், எது தொலைவில் என்று தெரியவில்லை. வரைந்தவருக்குக் கைத்திறமை குறைவில்லை. அவர் பக்கத்தை முழுதாக ஒரு முறைகூடப் பார்க்காமல், பெரிதாக்கிப் பெரிதாக்கி மூலை மூலையாக மையிட்டிருக்கிறார். தாளில் பெரிதாக்க முடியாது. ஒரு செங்கல்லுக்குக் கோடு போடும்போதே முழுப் பக்கமும் கண்ணில் படுகிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்று கண் சொல்கிறது. பத்து செங்கல் வரைந்தால் மீதிச் சுவரைப் பார்ப்பவரே கட்டிக்கொள்வார் என்பது தாளில் வரைபவருக்குத் தானாக வந்துவிடும்.

அச்சுப் பலகை:

நான் வரைபவன் அல்ல, இந்த ஊரிலேயே அச்சு முன் தயாரிப்பு வேலையில் இருப்பவன். உங்கள் இரு தரப்பிலிருந்தும் வரும் கோப்புகளால் எங்களுக்கு வேலை கூடுகிறது. அதனால் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

திரையில் வரைபவர்களுக்கு: 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) சாம்பல் கோப்பு அனுப்பாதீர்கள். மென்பொருள் கோட்டின் விளிம்பை வழுவழுப்பாகக் காட்ட ஓரங்களில் சாம்பல் பிக்சல்களைச் சேர்க்கிறது. கறுப்பு மட்டும் ஓடும் ஆஃப்செட்டில் சாம்பல் மை கிடையாது. அந்த ஓரம் புள்ளிகளாக உடையும், கோடு மங்கும். கோட்டோவியம் என்றால் கறுப்பு அல்லது வெள்ளை மட்டும் உள்ள பிட்மேப், குறைந்தது 600 டிபிஐ, முடிந்தால் 1200. ஏ5க்கு 600 டிபிஐ என்றால் ஏறக்குறைய 3496 பெருக்கல் 4961 பிக்சல். வரையத் தொடங்கும்போதே கோப்பை அந்த அளவில் திறந்துகொள்ளுங்கள். சிறிதாக வரைந்து பிறகு பெரிதாக்கினால் கோட்டின் ஓரம் படிக்கட்டு போலத் தெரியும்.

தாளில் வரைபவர்களுக்கு: ஏ3 தாளில் வரைந்து ஏ5க்குச் சுருக்கினால் எல்லாமே நேர்ப்பாதி. மைக்ரான் என்ற வரைபேனாவின் 005 அளவில் கோடு 0.20 மில்லிமீட்டர், அச்சில் அது 0.10. ஏறக்குறைய 0.09 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கோடு அறுந்து அறுந்து விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிப்பின் மயிரிழை அதைவிட மெல்லியது. நிப்முனை ஐயா பெருமையோடு சொன்ன அந்த மெலிவில் கடைசிப் பகுதி என் தகட்டில் வராது. ஹேட்சிங் இடைவெளியும் பாதியாகும் என்பதை மறக்க வேண்டாம். நெருக்கமாகப் போட்டால் மை பரவி அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும்.

பென்சிலை முழுக்க அழித்த பிறகு ஸ்கேன் செய்யுங்கள். மை நன்றாகக் காய்ந்த பிறகு அழியுங்கள். மைக்ரான் கோட்டின் மேல் ரப்பரை அழுத்தித் தேய்த்தால் கறுப்பு வெளிறும். அதை ஸ்கேனர் சாம்பலாக எடுக்கும்.

திரைக்கோடு:

அச்சுப் பலகை சொன்ன எண்களையே வைத்து ஐயாவின் பெரிதாக்கல் வாதத்துக்குப் பதில் சொல்கிறேன். அது இங்கே வந்த வாதங்களிலேயே வலுவானது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஐபேட் புரோ திரையில் ஓர் அங்குலத்தில் 264 பிக்சல்கள். 600 டிபிஐ கோப்பை அதில் நூறு சதவீதம் என்று திறந்தாலே அச்சளவைவிட ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு பெரிதாகத் தெரியும். மேலும் இருநூறு சதவீதமாக்கினால் நாலரை மடங்கு. இதைக் கணக்கிடாமல் வரைகிறவர்கள்தான் ஒவ்வொரு செங்கல்லிலும் விரிசல் போடுகிறார்கள். அச்சளவு தெரிய வேண்டுமென்றால் திரையில் 44 சதவீதத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நான் வேலை செய்யும்போது இரண்டு சாளரங்கள் திறந்திருக்கும். ஒன்றில் மையிடுகிறேன், மற்றொன்றில் முழுப் பக்கமும் அச்சளவில் நிற்கிறது. ஒரு கோடு அந்தச் சிறிய சாளரத்தில் தெரியவில்லையென்றால் அதைப் போடுவதில்லை. கிளிப் ஸ்டுடியோ பெயின்ட், கிரீட்டா இரண்டிலும் இது முடியும். முன்னால் நிற்பதற்கு ஒரு பருமன், நடுவிலிருப்பதற்கு ஒரு பருமன், தொலைவுக்கு ஒரு பருமன் என்று மூன்று தூரிகைகளை முன்பே பூட்டிவைத்துக்கொண்டால் பூக்காரியும் கோபுரமும் ஒன்றாகாது.

தாளில் வரைபவருக்கும் இதே ஆபத்து உண்டு என்பதை அச்சுப் பலகை காட்டிவிட்டார். ஏ3இல் வரைவதும் ஒரு வகையில் பெரிதாக்கிப் பார்ப்பதுதான், இரண்டு மடங்கு. அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர்கள் 11க்கு 17 அங்குலப் பலகையில் வரைந்து சுருக்குவதும், ஜப்பானில் பி4 தாளில் வரைந்து பி5 பத்திரிகையில் அச்சிடுவதும் நெடுங்கால வழக்கம். சுருங்கும்போது கோடு எப்படி மாறும் என்று அவர்கள் கற்றுக்கொண்டுதான் வரைகிறார்கள். திரையில் வரைபவரும் அதைக் கற்கத்தான் வேண்டும். கற்காதவர்களைத் திருத்துங்கள். கருவியை ஏன் விலக்க வேண்டும்?

மல்லிகை:

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு வலது கையில் நடுக்கம் உண்டு. மருந்தில் குறைகிறது, போவதில்லை. பள்ளிக் காலத்திலிருந்து நிப்பால் வரைந்தவள். இப்போது நிப்பைத் தாளில் வைத்தால் நேர்க்கோடு வராது, நடுங்கிய கோட்டை அழிக்கவும் வழியில்லை. திரையில் ஸ்டெபிலைசர் இருக்கிறது. கையின் சிறு அசைவுகளை அது சராசரியாக்கிக் கோட்டைச் சற்றுப் பின்தங்கி வரைகிறது. அதனால்தான் நான் இன்றும் வரைகிறேன். தாளில் மட்டும் என்று விதி வந்தால் என் பெயர் இந்தப் புத்தகத்தில் இருக்காது. நிப்முனை அண்ணா அதை நினைத்து எழுதவில்லை என்று தெரியும். ஆனால் விதி அதைத்தான் செய்யும்.

நிப்முனை:

அம்மா, நீங்கள் இல்லாமல் இந்தப் புத்தகம் வரக் கூடாது. உங்களைத் தள்ளும் எந்த விதிக்கும் நான் கை தூக்க மாட்டேன். ஆகவே திரையை முழுக்க விலக்க வேண்டும் என்ற கோரிக்கையை இங்கேயே கைவிடுகிறேன்.

ஆனால் ஸ்டெபிலைசர் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு அது தேவை. நடுக்கமே இல்லாத இளைஞர்களும் அதை உச்சத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு வரைகிறார்கள். கோடு பளபளவென்று வருகிறது, சுவரும் அப்படி, மரமும் அப்படி, கிழவரின் கன்னமும் அப்படி. மர்பி டவுனில் நாம் வரைகிற பழைய வீட்டின் ஓட்டு விளிம்பு நேராக இருக்காது. மழையில் ஊறிக் காய்ந்து சரிந்திருக்கும். நேர்க்கோடாக அதை வரைந்தால் அது அந்த வீடே இல்லை. நிப் பிடித்தவரின் கை தானாகவே அந்தச் சரிவோடு சேர்ந்து போகும்.

திரைக்கோடு:

இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன், ஐயா. கட்டடங்களை வரையும்போது ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள் என்று என்னோடு வரைபவர்களிடம் நானே சொல்கிறேன். நீண்ட வளைவுகளுக்கு மட்டும் சற்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டெபிலைசர் கூடக்கூடக் கூரான மூலைகளும் உருண்டுவிடும். கற்படிகளுக்கும் சன்னல் சட்டத்துக்கும் அது ஆகாது.

சோமேசுவரர் வீதி:

பேசாத ஒன்று: இடத்திலேயே உட்கார்ந்து வரைவது. பிற்பகல் வெயிலில் கோயில் முன்மண்டபத்தில் டேப்லெட் திரை கண்ணைக் கூசும், முழு வெளிச்சம் வைத்தால் பேட்டரி இறங்கும். தாளும் பேனாவும்தான் அங்கே உதவும். மறுபக்கம், ஐப்பசி மழையில் காற்றின் ஈரத்தைத் தாள் குடித்துக்கொள்ளும். அப்போது மை ஓரங்களில் கசியும், ஹேட்சிங் அடைத்துக்கொள்ளும். மார்ச், ஏப்ரலில் இந்த ஊர்க் காற்று வறண்டிருக்கும், அப்போது நிப்பிலேயே மை காய்ந்துவிடும். பாட்டிலில் கெட்டியான மைக்குக் காய்ச்சி வடித்த நீர் இரண்டு சொட்டு போதும். ஷெல்லாக் (அரக்கு) கலந்த இந்தியன் இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் மட்டும் நிரப்பிவிடாதீர்கள், அடைத்துக்கொண்டால் மீட்பது கடினம்.

பென்சிலைத் திரையில் வரைந்து, வெளிர் நீலத்தில் ஐவரி தாளில் அச்செடுத்து, அதன்மேல் நிப்பால் மையிடும் முறையும் உண்டு. ஸ்கேன் செய்த பிறகு நீலத்தை நீக்கிவிடலாம். முன்பு அச்சுக்குப் படமெடுத்த ஃபிலிமில் வெளிர் நீலம் பதியாது என்பதால் ஓவியர்கள் நீலப் பென்சிலில் திட்ட வரைவு போட்டார்கள். அதே வழிதான் இது. மல்லிகை அக்கா பென்சில் வரையட்டும், விருப்பமுள்ளவர் மையிடட்டும். காமிக்ஸில் ஒருவர் பென்சில், ஒருவர் மை என்று பிரித்துக்கொள்வது புதிதல்ல.

மல்லிகை:

நன்றி, தம்பி. ஆனால் என் கோட்டை நானே மையிட விரும்புகிறேன். பென்சிலில் நான் விட்டுவைக்கும் முடிவுகள் பல உண்டு. எந்த நிழலை முழுக்கக் கறுப்பாக்குவது, எதைக் கோடாக விடுவது என்று மையிடும்போதுதான் தீர்மானிக்கிறேன். மையிடுவதை வெறும் படியெடுப்பாகச் சிலர் நினைக்கிறார்கள். ஓவியத்தில் பாதி அங்கேதான் நடக்கிறது.

நிப்முனை:

இதற்காகத்தான் இவ்வளவு நேரம் வாதாடினேன், அம்மா. கறுப்பை எங்கே வைப்பது என்ற அந்த முடிவு தள்ளிப்போகக் கூடாது. திரையில் ஒரு தட்டில் கறுப்பு நிரம்பும், இன்னொரு தட்டில் போகும். போடுவதற்கு முன் யோசிப்பது குறைகிறது. தாளில் ஒரு முழுக் கறுப்பு வைத்தால் அது அங்கேயே இருக்கும்.

திரைக்கோடு:

அதே வசதியால்தான் துணிந்து கறுப்பு வைக்க முடிகிறது என்று நான் சொல்வேன். தாளில் பயந்து பயந்து சாம்பல் ஹேட்சிங்கிலேயே நின்றுவிட்ட பக்கங்கள் நமக்கு வந்த மாதிரிகளில் இருக்கின்றன. தாளில் வரைபவர்களும் வெள்ளை பூசித் திருத்தினார்கள், துண்டுத் தாள் ஒட்டி மறுபடி வரைந்தார்கள். டிரினிட்டி சர்க்கிள் அருகேயுள்ள இந்தியன் கார்ட்டூன் கேலரிக்கு ஒரு முறை சேர்ந்து போவோம், ஐயா. அசல்கள் இருந்தால் அருகில் நின்று பார்ப்போம். திருத்தமே இல்லாமல் மையிட்டவர்கள் எத்தனை பேர் என்று அங்கேயே பேசலாம்.

ஏரிக்கரை:

எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டுக் குழுவில் பேசினோம். முடிவு இது: எந்தக் கருவியும் விலக்கப்படவில்லை. திரையில் மையிடுபவர்கள் ஏ5, 600 டிபிஐ பிட்மேப் தர வேண்டும். அத்துடன் அச்சளவிலேயே ஒரு தாளில் அச்செடுத்துக் கொண்டுவர வேண்டும். தாளில் மையிடுபவர்கள் ஏ4இல் மட்டும் வரையுங்கள், சுருக்கம் ஏறக்குறைய 71 சதவீதத்தோடு நிற்கும், 0.20 கோடு 0.14 ஆக வரும். ஏ3 வேண்டாம். எல்லாப் பக்கங்களையும் மேசையில் பரப்பி, கைநீட்டத் தொலைவில் வைத்து, எது எதில் வரையப்பட்டது என்று சொல்லாமலே தேர்ந்தெடுப்போம். கீரி முடித் தூரிகை வாங்க வேண்டாம் என்ற குறிப்பும் எல்லோருக்கும் போகும்.

நிப்முனை:

ஏ4க்கு ஒத்துக்கொள்கிறேன். சோமேசுவரர் கோயில் ராஜகோபுரத்துக்கு மட்டும் ஏ3 அனுமதியுங்கள். அத்தனை சுதைச் சிற்பங்களையும் ஏ4இல் நிப்பால் வைக்க முடியாது.

அச்சுப் பலகை:

வைக்க முடியாதவற்றை விட்டுவிடுங்கள், ஐயா. ஏ5இல் எப்படியும் அவை தெரியப்போவதில்லை. நடுவில் இரண்டு பக்கங்களை விரித்து அந்தக் கோபுரத்தைப் போடுவதென்றால் ஏ3 சரிப்படும், அப்போது சுருக்கம் 71 சதவீதம்தான். கோபுரத்தின் நடுக்கோடு பக்க மடிப்பில் விழாமல் சற்றுத் தள்ளி வரையுங்கள்.

நிப்முனை:

விரிபக்கமே போடுங்கள். இடப்பக்கம் தள்ளி வரைகிறேன், வலப்பக்கம் தெருவும் பூக்கடைகளும் வரும். அந்தத் தெருவைத் திரைக்கோடு தம்பி அவர் முறையிலேயே மையிடட்டும். கோபுர நிழல் எந்தப் பக்கம் விழும் என்பதை மட்டும் முதலில் இருவரும் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். காலை வெயிலா, மாலை வெயிலா?

திரைக்கோடு:

காலை. கடைகள் திறக்கும் நேரம்.